புது வருசத்துக்குச் சின்னதா ஒரு தீர்மானம்: மலையகத்துல நிலைச்சு நிக்கிறது எப்படி?

ஹட்டன், மாதர் சங்கக் கணக்குப் பொறுப்பு:

வருசப் பிறப்பன்னிக்கு "மாசம் 5,000 சேக்கணும்"னு நினைக்கிற வீடுகள்ல பாதி, தைப்பொங்கல் முடிஞ்சதும் கைய விட்டுருது. மனசு உறுதி இல்லாததால இல்ல, கணக்குதான் பிழை. திம்புள்ள, மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி தொடங்கி மார்ச் வரைக்கும் வெயில் காலம். தேயிலைக் கொழுந்து குறையும், பறிக்கிற கிலோ குறையும், சில தோட்டத்துல வேலை நாளும் குறையும். அதே நேரம் பொங்கல் செலவு, பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து. நல்ல மாசச் சம்பளத்தப் பாத்து வச்ச தொகை இந்த மாசங்கள்ல எப்படி நிக்கும்?

அதனால மாசக் கணக்க விட்டுட்டு பேர்க் கணக்குல வைங்க. பேருன்னா ஒரு நாள் வேலை, அது பதிவானா பேர் விழுந்துச்சும்போம். ஒரு பேருக்கு 50 ரூபா. 20 பேர் விழுந்தா 1,000, 12 பேர்தான் விழுந்துச்சுன்னா 600. அரைப்பேருக்கு 25. தொகை குறையும், ஆனா தீர்மானம் உடையாது.

செய்யிற விதம் இதுதான். வீட்டுக் காம்பராச் சுவர்ல கலண்டர் தொங்குதுல்ல, வேலைக்குப் போன அன்னிக்குச் சாயங்காலமே அதுல ஒரு கோடு போடுங்க. அரைப்பேருன்னா பாதிக் கோடு. மறுநாளைக்குன்னு தள்ளினா கிழமைக் கடைசியில குழம்பிரும். சம்பளத்தன்னிக்குக் கோட்ட எண்ணி, கடைக் கணக்குக் குடுக்க முந்தி அந்தக் காச எடுத்து வைங்க. கடைக்குப் போயிட்டு வந்த பிறகு எடுக்கலாம்னா மிஞ்சாது.

உண்டியல் வீட்டுல இருந்தா அவசரத்துக்கு உடைபடும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கு வச்சிருந்தா தபாற்கந்தோர்லயே காசு போடலாம், டவுனுக்கு பஸ் காசு மிச்சம். முதல் வருசம் இந்தக் காச நம்பிச் சீட்டுல சேராதீங்க. சீட்டுக்கு மாசாமாசம் ஒரே தொகை வேணும். வெயில் மாசத்துல அது இல்லாமப் போனா வாரா வாரம் தவணை வாங்குற கிழமைக் கடன்காரங்ககிட்டப் போய் நிக்க வேண்டி வரும். எத்தனையோ குடும்பம் கடனுக்குள்ள விழுந்தது இந்த வழியிலதான்.

பதுளைப் பக்கம்:

அக்கா சொன்ன கணக்கு எங்க பக்கமும் சரி, காலம் மட்டும் மாறும். எங்க ஊவா மாகாணத்துல மழை ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும், வறட்சி ஜூலை தொடங்கி செப்டம்பர் வரைக்கும். அந்தக் காத்துக் காலத்துலதான் எங்களுக்குக் கை இறுகும். தொகை வைக்கிறவங்க ஆகஸ்ட் மாசச் சம்பளச் சிட்டையப் பாத்து வைங்க.

நுவரெலியா, வீட்டுத்தோட்டம்:

"இந்த வருசம் வீட்டுக்கு மரக்கறி நாமளே போடணும்"ங்கிறது நல்ல ஆசை. அஞ்சு வகை விதைய ஒரே நாள்ல வாங்கினா அஞ்சும் வீணாகும். 3 அடி அகலம், 10 அடி நீளம், ஒரே ஒரு பாத்தி. அதுல கரட் மட்டும். பொங்கலோட விதைச்சா சுமார் மூணு மாசத்துல, சித்திரை வருசப் பிறப்பையொட்டி பிடுங்கலாம். கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரு முடிவு நாள் இருக்கிறதாலதான் புதுசாத் தொடங்குறவங்களுக்கு நான் கரட்டச் சொல்றேன்.

தேயிலை நின்ன மண்ணு புளிச்ச (அமிலம் கூடின) மண்ணு. விதைக்க ரெண்டு கிழமைக்கு முந்தி இந்தப் பாத்திக்கு அரைக்கிலோ டொலமைட் (புளிப்பக் குறைக்கிற சுண்ணாம்புத் தூள்) தூவிக் கொத்திவிடுங்க. எருவையும் அதையும் ஒரே நாள்ல சேக்காதீங்க, எருவுல இருக்கிற சத்து ஆவியாப் போயிரும். எரு நல்லா மக்கினதா இருக்கணும். பச்சைச் சாணி போட்டா கிழங்கு ரெண்டா மூணாப் பிளந்து வளரும். கல்லு இருந்தாலும் அதேதான், ஒரு சாண் ஆழத்துக்குப் பொறுக்கிருங்க. நாத்து விட்டு நடுற பயிர் இல்ல இது, பாத்தியிலயே நேரா விதைக்கணும். வரிசைக்கு வரிசை 8 அங்குலம், விதை அரை அங்குலத்தவிட ஆழமாப் போகக் கூடாது.

முளைக்க ரெண்டு கிழமை வரை ஆகலாம். முளைக்கலைன்னு நிறையப் பேர் பத்தாம் நாள்லயே கொத்திப் போட்டுருவாங்க, பொறுங்க. அதுவரை ஈரச் சாக்குப் போட்டு மூடி வைங்க. முதல் முளை தெரிஞ்ச அன்னிக்கே சாக்க எடுக்கணும், இல்லன்னா மெலிஞ்சு நீண்டு சாஞ்சிரும். விரலளவு வளந்ததும் 2 அங்குலத்துக்கு ஒண்ணா விட்டுட்டு மத்தத கிள்ளிருங்க. மனசு வராது, ஆனா கிள்ளாத பாத்தியில இலைதான் மிஞ்சும்.

ஜனவரி, பெப்ரவரியில விடியக்காலம் உறைபனி விழும். கரட்டும் லீக்ஸும் ஓரளவு தாங்கும், போஞ்சியும் உருளைக்கிழங்கும் கருகிரும். பனி விழுந்த காலையில வெயில் படுறதுக்கு முந்தி இலை மேல தண்ணி தெளிச்சுப் பனியக் கழுவி விடணும்.

மஸ்கெலியா, சுகாதார வேலை:

வெத்திலை போடுறத விடணும்னு நினைக்கிறவங்களுக்கு. நாளைக்கே மொத்தமா விடுறேன்னு சத்தியம் பண்ணாம, முதல் மூணு நாள் எத்தனை வாய் போடுறோம்னு மட்டும் எண்ணுங்க. பிறகு புகையிலைய எடுத்துருங்க, ஏன்னா பிடிச்சு வைக்கிறது அதுதான். எரிச்சல், தலைவலி முதல் மூணு நாலு நாள் கூடுதலா இருக்கும், ரெண்டு மூணு கிழமையில தணியும். அடுத்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுறத நிப்பாட்டுங்க, இருக்கிறதுலயே லேசானது அது. பிரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்கக் கூடுறது) முந்திப் போடுறத கடைசியா வைங்க, குளிரும் வெறும் வயிறும் சேந்து இழுக்கும். அந்த நேரத்துக்கு அரை ரொட்டியாவது சாப்பிட்டுட்டுப் போகணும்.

வெத்திலை முடிஞ்சிருந்த அதே பையில கராம்பு, ஏலக்காய், வறுத்த சீரகம் வச்சுக்குங்க. தேத்தண்ணி நேரத்துல பக்கத்துல இருக்கிறவங்க அன்பா நீட்டுவாங்க, பாதிப் பேர் திரும்பவும் தொடங்குறது அங்கதான். அதனால கூட வேலை செய்யிற ரெண்டு பேருக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க, முடிஞ்சா அவங்களையும் சேத்துக்குங்க.

வெறும் பாக்குத்தானேன்னு விடாதீங்க, புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். வாயத் திறந்து மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாருங்க. நுழையலைன்னாலும், வெள்ளை, சிவப்புத் திட்டு தெரிஞ்சாலும், புண்ணு ரெண்டு கிழமையில ஆறலைன்னாலும் உடனே ஆஸ்பத்திரியில பல் டாக்டர்கிட்டக் காட்டுங்க.

பொகவந்தலாவை:

ஜனவரி போயிருச்சே, இனித் தொடங்கினா சரி வருமா அக்கா? நடுவுல ரெண்டு கிழமை கோடு போடாம விட்டா?

ஹட்டன், மாதர் சங்கக் கணக்குப் பொறுப்பு:

தாராளமாத் தொடங்கலாம் தம்பி. சித்திரை வருசப் பிறப்புக்குப் பெரியவங்க கையால கைவிசேசக் காசு வாங்குறீங்கல்ல, அந்த நோட்ட செலவழிக்காம கணக்குல போட்டுருங்க. லீவு முடிஞ்சு முதல் பிரட்டுல இருந்து கோடு. சித்திரைக்குப் பிறகு எங்க பக்கம் கொழுந்தும் கூடும், அதனால ஜனவரியவிட இது லேசு. விட்டுப்போன ரெண்டு கிழமைக்குச் சேத்துப் போடப் பாக்காதீங்க, பாரம் கூடி மறுபடியும் நின்னுரும். அடுத்த பேர்ல இருந்து 50 ரூபா, அவ்வளவுதான்.

கலண்டர வருசம் முடியிற வரைக்கும் எறியாதீங்க. சம்பளச் சிட்டையில இருக்கிற பேரும் உங்க கோடும் ஒத்துப் போகுதான்னு மாசாமாசம் பாருங்க. குறைஞ்சா அந்தக் கிழமையே கலண்டரோட போய்க் கணக்கப்பிள்ளைகிட்டக் கேளுங்க, ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா செக்ரோல்ல (தோட்டத்து வேலை நாள் பதிவேட்டுல) தேட முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்ககிட்ட 8 சதவீதம் பிடிப்பாங்க, தோட்டம் 12 சதவீதம் போடணும். சிட்டையில இருக்கிற உங்க சொந்தப் பேரும் அடையாள அட்டையில இருக்கிற பேரும் ஒரே எழுத்தா இருக்கான்னு அதே நேரம் பாத்துக்குங்க. வித்தியாசம் இருந்தா வேலையில இருக்கிறப்பவே திருத்தணும், 50, 55 வயசுல காசு எடுக்கப் போறப்ப திருத்துறதுன்னா ரொம்ப அலையணும்.