மோட்டர் நின்ற பிறகும் பேசாத மீற்றர்கள்

மின்கம்பி வழியே செல்லும் கட்டுப்பாட்டுச் சைகைகளை இன்வெர்ட்டர்களின் மின் இரைச்சல் குழப்பிவிடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இரைச்சலே இல்லாமலும் சைகை காணாமற்போகும் என்பதை நான் நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்தபோதுதான் அறிந்தேன்.

அங்கே ஒவ்வொரு கபானாவுக்கும் (விருந்தினர் தங்கும் தனிக்குடில்) ஒரு துணை மீற்றர் உண்டு. அவை தம் வாசிப்பை 230 வோல்ற்று மின்கம்பியிலேயே, ஏறத்தாழ 36 முதல் 91 கிலோஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில் (அதிர்வெண்களில்), அலுவலகப் பெட்டிக்கு அனுப்பும். கிணற்று மோட்டருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் பூட்டிய கிழமையே அந்தப் பக்கத்து நான்கு மீற்றர்களும் மௌனமாயின. இன்வெர்ட்டரின் ஆளிகள் 8 கிலோஹேர்ட்ஸில் திறந்து மூடுவதால் அதன் மடங்குகளான 40, 48, 56 எல்லாம் சைகையின் மீடிறன் பட்டைக்குள்ளேயே விழும், அந்த இரைச்சல்தான் காரணம் என்று கணக்குப் போட்டு, மோட்டரை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன்.

"தம்பி, மோட்டர் நிண்டு அரை மணித்தியாலமாச்சு, இன்னும் ஒண்டும் வரேல்லை" என்றார் மேலாளர்.

உப்புக்காற்றில் துருவேறிய கிணற்றடி மின்பெட்டியைத் திறந்து இன்வெர்ட்டருக்குரிய பிறேக்கரையே நிறுத்தினேன். நான்கு மீற்றர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிலளித்தன. இன்வெர்ட்டரின் உள்ளீட்டில் இரைச்சலை அடக்குவதற்கென்றே வைத்த கொள்ளளவி (கப்பாசிற்றர்), மோட்டர் ஓடினாலும் நின்றாலும் கம்பியோடு இணைந்தே இருக்கும். அதில் 4.7 மைக்ரோபரட் என்று பொறித்திருந்தது. 50 ஹேர்ட்ஸ் மின்னுக்கு அது ஏறத்தாழ 680 ஓம் தடங்கல். 50 கிலோஹேர்ட்ஸ் சைகைக்கோ 0.7 ஓம்கூட இல்லை, கிட்டத்தட்டக் குறுஞ்சுற்றுத்தான். கபானாக்களிலிருந்து வந்த சைகை கிணற்றடியிலேயே வடிந்துபோயிற்று.

பிரான்சில் நீர்சூடாக்கிகளை மின்கம்பி வழியே இயக்கப் பயன்பட்டுவந்த 175 ஹேர்ட்ஸ் சைகைக்கு இதே கொள்ளளவி சுமார் 190 ஓமாக இருக்கும் என்பதால், தனியொன்று அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஆயிரம் வீடுகளில் ஒன்றுசேரும்போதே கணக்கு மாறும். எங்கள் பட்டையில் ஒன்றே போதுமாயிருந்தது.

இன்வெர்ட்டருக்குப் போகும் உயிர்க்கம்பியில் 50 மைக்ரோஹென்றித் தூண்டற்சுருள் ஒன்றைத் தொடராகப் பூட்டினேன். 50 கிலோஹேர்ட்ஸில் அது சுமார் 16 ஓம் தடங்கல் கொடுக்கும், மோட்டருக்குப் போகும் மின்னுக்கோ அது இருப்பதே தெரியாது. மூன்று மீற்றர்கள் அன்றே சீராயின. கிணற்றுக்கு மிக அருகிலுள்ள நான்காவது மட்டும் மோட்டர் ஓடும் வேளையில் இன்னும் இடைக்கிடை தவறுகிறது. அது உண்மையான இரைச்சல். அதற்குரிய வடிகட்டி வரும்வரை, தண்ணீர்த் தாங்கி நிரம்பி மோட்டர் ஓய்ந்த பிறகு இரவில் அதை வாசிக்கும்படி நேரத்தை மாற்றிவைத்திருக்கிறோம்.