புதுப்பிப்பு: 'விலங்குப் பண்ணை'யை வாசித்து முடித்தோம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகளோடு, 1945இல் வெளிவந்த ஜார்ஜ் ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை வாசிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பண்ணை விலங்குகள் எசமானை விரட்டிவிட்டு, பிறகு பன்றிகளின் ஆட்சியில் மாட்டிக்கொள்ளும் கதை அது. விளங்காது என்றுதான் பலர் சொன்னீர்கள்.

ஆரம்பம் பலருக்கு அலுப்புத்தான். 1917 ரஷ்யப் புரட்சியைப் பற்றி ஒரு பாடவேளை பேசிய பிறகே பன்றிகள் யாரென்று பிடிபட்டது. ஆனால் பாக்ஸர் குதிரைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஓடாய் உழைத்து விழுந்ததை அறுப்பவனுக்கு விற்று, அந்தக் காசில் பன்றிகள் விஸ்கி வாங்கும் இடத்தில் வகுப்பே அடங்கிப்போனது. "எங்கம்மாவுக்குக் கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான் டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒரு பையனுக்கோ பன்றிகளைவிடப் பெஞ்சமின் கழுதைமேல்தான் கோபம். "அதுக்கு வாசிக்கத் தெரியும். சுவரில் எழுதியிருந்த கட்டளையைப் பன்றிகள் மாத்தினப்பவே ஏன் சொல்லல?" மணி அடித்தும் வாதம் ஓயவில்லை. இத்தனை முறை வாசித்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

இருப்பது ஆறு பிரதிகள்தான். இப்போது வீட்டுக்குக் கொண்டுபோக முறை வைத்திருக்கிறோம்.