ரெண்டு பேர் பேர்ல வந்த செக், ஆப்ல போட்டா ரிஜெக்ட் ஆகுது

கோவைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கங்க. டல்லாஸ்ல இருந்த அபார்ட்மெண்ட்டைக் காலி பண்ணிட்டு போன மாசம் ஒஹாயோ கொலம்பஸுக்கு வந்துட்டோம்ங்க, பழைய அபார்ட்மெண்ட்ல டெபாசிட்டுல பெயிண்ட் காசு பிடிச்சுக்கிட்டு மீதி 1,140 டாலருக்கு செக் அனுப்பிருக்காங்க. எங்க அக்கவுண்ட் டெக்சாஸ்ல ஒரு சின்ன கிரெடிட் யூனியன்ல (நம்ம ஊரு கூட்டுறவு பேங்க் மாதிரி) ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, இந்த ஊர்ல அவங்களுக்கு பிராஞ்ச் இல்லை, அதனால ஆப்ல போட்டோ எடுத்துப் போட்டாத்தான் உண்டு. மொத தடவை செக்கோட ஓரம் தெரியலைன்னு ஆப்பே திருப்பி விட்டுருச்சு. ரெண்டாவது தடவை எடுத்துக்கிச்சு, அப்பாடான்னு இருந்தேன், சாயங்காலம் பாத்தா பின்பக்கக் கையெழுத்து சரியில்லைன்னு ரிஜெக்ட் பண்ணி மெயில். செக்ல என் பேரும் வீட்டுக்காரர் பேரும் நடுவுல 'அண்ட்' போட்டு இருக்குது, நான் மட்டும்தான் கையெழுத்து போட்டேன். மாமியாருக்குக் கண்ணு ஆபரேஷன், அதுக்காக அவரு பொள்ளாச்சி போயிருக்காரு, வர மூணு வாரம் ஆகும். பக்கத்து வீட்டுல ஒருத்தங்க 'அவர் கையெழுத்தையும் நீயே போட்டுரு, யாரு பாக்கப் போறா'ங்கறாங்க. போடலாமுங்களா? புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்ததுல கை கடிக்குது, அதான் அவசரம்.

டல்லாஸ் தம்பி:
அக்கா, தயவுசெஞ்சு அவர் கையெழுத்தை நீங்க போடாதீங்க. அவரோட கையெழுத்து பேங்க்ல ஏற்கனவே இருக்கு, ஒத்துப் பாத்து வித்தியாசம்னு பட்டா அக்கவுண்ட்டையே நிறுத்தி வெச்சு கேள்வி கேப்பாங்க, விசால இருக்கற நமக்கு அந்தத் தலைவலி வேண்டவே வேண்டாம். பேருக்கு நடுவுல 'ஆர்'னு இருந்தா ஒருத்தர் போட்டா போதும், 'அண்ட்'னு இருந்தா ரெண்டு பேரும் போடணும், அவ்ளோதான் விஷயம். ஆனா நீங்க இவ்ளோ பதறத் தேவையில்ல, சாதாரண செக்குக்கு தேதியில இருந்து ஆறு மாசம் வரைக்கும் பிரச்சனை வராது, அதுக்கு மேல போனாத்தான் பேங்க் பணம் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஒண்ணு மட்டும் பாருங்க, அபார்ட்மெண்ட் கம்பெனிங்க சில சமயம் செக் முன்னாடியே பொடி எழுத்துல 'வாய்ட் ஆஃப்டர் 90 டேஸ்'னு, அதாவது 90 நாளுக்கு மேல செல்லாதுன்னு அடிச்சிருப்பாங்க, அப்படி இருந்தா அந்தக் கணக்குக்குள்ள முடிச்சிருங்க. லீசிங் ஆபீசுக்கு ஒரு மெயிலும் போட்டுப் பாருங்க, இந்த செக்கை கேன்சல் பண்ணிட்டு உங்க ஒருத்தர் பேர்ல வேற செக் குடுக்க சில பேர் ஒத்துப்பாங்க.

அப்புறம் அந்த ஓரம் தெரியாதது, வெள்ளை கிச்சன் கவுண்டர் மேல வெச்சு எடுத்தீங்களா? செக்கும் வெளிர் கலர், அடியிலயும் வெள்ளைன்னா ஆப்புக்கு எங்க செக் முடியுதுன்னே புரியாது. கருநீல பெட்ஷீட் மேல வெச்சு, கவர்ல மடிச்சு வந்த மடிப்பை நல்லா நீவி விட்டு, ஃபிளாஷ் இல்லாம ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க.

கவுண்டர்ல இருக்கேன்:
நான் ஒரு கிரெடிட் யூனியன்ல கவுண்டர்ல எட்டு வருஷமா வேலை பாக்கறேன், தம்பி சொன்னது அத்தனையும் சரி. போட்டோல அடியில இருக்கற நம்பர் வரிசை முழுசா விழணும், அதுல வர்ற ஒம்பது இலக்க நம்பர்தான் எந்த பேங்க்னு சொல்ற ரூட்டிங் நம்பர், அதுமேல விரல் நிழல் விழுந்தாக்கூட திரும்பி வரும்.

நிறைய பேருக்கு இது எப்படி நடக்குதுன்னே தெரியறதில்ல, அதனால சொல்றேன். முன்னாடி எல்லாம் செக் பேப்பராவே விமானத்துல ஊர் ஊரா போகும், 2001 செப்டம்பர்ல விமானத்தை எல்லாம் நிறுத்தினப்ப செக்கெல்லாம் அங்கங்க தேங்கிப்போச்சு, அப்புறம்தான் 'செக் 21'னு சட்டம் வந்துச்சு, 2004 அக்டோபர்ல இருந்து அமல். பேப்பருக்குப் பதிலா அதோட படத்தை வெச்சு எடுத்த பிரிண்டும் செல்லும்னு அது சொல்லுச்சு, அந்த வழியிலதான் நாம வீட்டுல இருந்தே போட்டோ அனுப்பறோம். சிக்கல் என்னன்னா, படம் பேங்குக்குப் போயிருச்சு, நிஜ செக் இன்னும் உங்க கையிலதான் இருக்கு. அதைக் கொண்டுபோய் இன்னொரு பேங்க்ல போட்டு அந்த பேங்குக்கு நஷ்டம் ஆச்சுன்னா போட்டோ வாங்கின பேங்க் தலையில விழும்னு 2018 ஜூலைல விதி வந்துச்சு. அதனாலதான் கையெழுத்துக்குக் கீழ 'ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி'னு எழுதச் சொல்லி பிடிவாதமா நிக்கறாங்க. நீங்க ஏற்கனவே அதை எழுதியிருந்தா கவுண்டருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி உங்க ஆளுங்ககிட்ட கேட்டுக்கங்க. ஏன் கவுண்டர்னு சொல்றேன்னா, கிரெடிட் யூனியன்களுக்குள்ள ஷேர்டு பிராஞ்ச்னு ஒரு ஏற்பாடு இருக்கு, உங்களுது அதுல இருந்தா கொலம்பஸ்லயே வேற கிரெடிட் யூனியன்ல போய்ப் போடலாம். ஆனா அங்கயும் ரெண்டு கையெழுத்தும் வேணும்.

எடிசன் அம்மா:
கவுண்டர் தம்பி சொன்னது எங்க வீட்டுலயே நடந்துச்சுப்பா. இன்சூரன்ஸ்ல இருந்து வந்த 312 டாலர் செக்கை எங்க வீட்டுக்காரர் ஆப்ல போட்டுட்டு ஃப்ரிட்ஜ்ல மேக்னட் வெச்சு ஒட்டி வெச்சிருந்தார், பின்பக்கம் மொபைல்னு ஒண்ணும் எழுதல. நான் பாத்துட்டு இன்னும் போடலையேன்னு என்னோட பேங்க் ஏடிஎம்ல போட்டுட்டேன். ரெண்டு அக்கவுண்ட்லயும் பணம் ஏறுச்சு. பத்து நாள் கழிச்சு என் அக்கவுண்ட்ல இருந்து 312 போச்சு, அதோட செக் திரும்பி வந்ததுக்கு 12 டாலர் ஃபீஸ், அந்த வாரம் போக வேண்டிய கரண்ட் பில்லும் பவுன்ஸ். ரொம்ப அழுதுட்டேன். இப்ப ஆப்ல போட்ட உடனே செக் முன்பக்கத்துல சிவப்புப் பேனாவால தேதி எழுதி ஒரு கவர்ல போட்டு வெக்கறோம், பணம் கிளியர் ஆகி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கிழிக்கறோம். உடனே கிழிக்காதேம்மா, படம் சரியில்ல ஒரிஜினலைக் காட்டுன்னு கேட்டா கையில இருக்கணும்.

சான்ஹோசே அப்பா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இதே மாதிரி ஒரு சந்தேகம். குழந்தையோட தொட்டிலை 150க்கு விக்கப் போட்டேன், வாங்கறவர் 900க்கு செக் அனுப்பிட்டு மீதியை வண்டிக்காரருக்கு ஸெல்ல (போன்லயே உடனே பணம் அனுப்பற வசதி) அனுப்புங்கறார். ஆப்ல போட்டேன், பணம் அக்கவுண்ட்ல வந்துருச்சு. அனுப்பலாமா?

கவுண்டர்ல இருக்கேன்:
அனுப்பாதீங்க சார், ஒரு டாலர் கூட அனுப்பாதீங்க! அக்கவுண்ட்ல தெரியறது பேங்க் நம்பி முன்கூட்டிக் குடுத்தது, செக் போலின்னு தெரிய வாரக்கணக்குல ஆகலாம், அன்னைக்கு மொத்த 900மும் உங்ககிட்ட இருந்து எடுத்துருவாங்க, ஸெல்ல போன காசைத் திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம். இப்பவே உங்க பேங்குக்கு போன் பண்ணிச் சொல்லுங்க, தொட்டிலையும் குடுக்காதீங்க.

சான்ஹோசே அப்பா:
போன் பண்ணிட்டேன், செக்கை நிறுத்தி வெச்சிருக்காங்க. ரொம்ப நன்றிங்க, இன்னைக்கு சாயங்காலமே அனுப்பியிருப்பேன்.

கோவைப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. செக் முன்னாடி பாத்தேன், தம்பி சொன்ன மாதிரியே பொடி எழுத்துல 90 நாள்னு இருக்குது, தேதி வெச்சு எண்ணிப் பாத்தா இன்னும் 71 நாள் கைவசம் இருக்குங்க. லீசிங் ஆபீஸ்ல கேட்டதுக்கு லீஸ்ல ரெண்டு பேர் பேரும் இருக்கறதால ஒருத்தர் பேர்ல மாத்தித் தர முடியாதுன்னுட்டாங்க. சரின்னு அவரு வர்ற வரைக்கும் வெச்சுக்கறேன், அதுவரைக்கும் அண்ணன்கிட்ட கொஞ்சம் கைமாத்து கேட்டிருக்கேன். செக்கைக் கவர்ல போட்டு பாஸ்போர்ட் பையில வெச்சாச்சு, மேல 'ரெண்டு கையெழுத்து, இன்னும் போடல'ன்னு எழுதி வெச்சிருக்கேன்.