8085: எது கட்டளை, எது டேட்டா என்று சில்லுக்கு எப்படித் தெரிகிறது?

புதுக்கிட்:
8085 (இன்டெலின் 8 பிட் பிராசசர்) பயிற்சிக் கிட்டில் 05, 03 இரண்டையும் கூட்டி 8050 என்ற நினைவக முகவரியில் வைக்க வேண்டும். தாளில் எழுதியது, 8000-இலிருந்து (எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்கள்):

06 05 | 78 | 16 03 | 82 | 32 50 80 | 76

08 வர வேண்டிய இடத்தில் 03 வருகிறது. ஒருமுறை 13 வந்தது. கிட் எந்தப் பிழையும் காட்டவில்லை. தப்பு இருந்தால் பிராசசர் நின்றிருக்க வேண்டாமா?

ஹெக்ஸ்கிறுக்கன்:
தாளில் தப்பில்லை. 8001-இல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 05-ஐ விட்டுவிட்டு அங்கேயே 78 அடித்திருப்பீர்கள்.

06 என்றால் 'எம்விஐ பி', அதாவது அடுத்த பைட்டை பி ரெஜிஸ்டரில் போடு (ரெஜிஸ்டர் என்பது சில்லுக்குள்ளேயே எண் வைக்கும் சிறு இடம்; ஏ, பி, டி எல்லாம் அப்படித்தான்). அடுத்த பைட் 78 என்றால் அதுவும் வெறும் எண்தான், பி-க்குள் போய்விடும். பி-யில் உள்ளதை ஏ-க்கு நகலெடுக்கும் 'மூவ் ஏ, பி' என்ற கட்டளையே காணாமல் போகிறது. பிறகு 16 03 சரியாக ஓடி டி-யில் 03 ஏறும், 82 அதை ஏ-யோடு கூட்டும். ஏ-யில் முன்பே என்ன கிடந்ததோ அதோடு 03: 00 கிடந்தால் 03, 10 கிடந்தால் 13.

சிங்கிள் ஸ்டெப்பில் (ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி) ஓட்டினால் உடனே தெரியும். சரியான புரோகிராமில் முகவரி 8000, 8002, 8003, 8005, 8006, 8009 என்று போகும். உங்களுடையதில் 8002-க்குப் பிறகு 8004-க்குத் தாவும்.

டி_நிலை:
பைட்டின் மேல் எந்த முத்திரையும் கிடையாது. புரோகிராம் கவுண்டர் (அடுத்துப் படிக்க வேண்டிய முகவரியை வைத்திருப்பது) ஒரு கட்டளையின் தொடக்கமாக எதைக் காட்டுகிறதோ அது இன்ஸ்ட்ரக்‌ஷன் ரெஜிஸ்டருக்குப் போகும். கட்டளையின் பொருளைப் பிரித்தறியும் டீகோடர் அதன் 8 பிட்டை 2, 3, 3 என்று பிரித்துப் படிக்கிறது:

78 = 01 111 000. 01 என்றால் மூவ், 111 சேருமிடம் ஏ, 000 எடுக்குமிடம் பி.
82 = 10 000 010. 10 என்றால் கணக்கு, 000 கூட்டல், 010 டி.
06 = 00 000 110. பி-க்கு எம்விஐ. இன்னும் ஒரு பைட் வேண்டும் என்பதும் இதிலேயே அடக்கம்.

ஒரு வேடிக்கை: 76 = 01 110 110. 110 என்பது நினைவகம் என்பதால், மூவ் விதிப்படி இது நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே நகர்த்துவது. பயனில்லாத அந்த இடத்தைத்தான் ஹால்ட்டுக்கு (நிறுத்து) கொடுத்துவிட்டார்கள்.

06 வந்தால் அந்தக் கட்டளையை எடுக்கும் முதல் சுழற்சி 4 டி-ஸ்டேட் (கடிகாரத் துடிப்பு), 05-ஐப் படிக்க இன்னும் 3. இந்த வேறுபாடு பின்களிலும் தெரியும்: கட்டளை எடுக்கும்போது எஸ்1, எஸ்0 என்ற நிலை காட்டும் பின்கள் இரண்டும் 1. சாதாரண நினைவக வாசிப்பில் எஸ்1 மட்டும் 1.

புதுக்கிட்:
8001-இல் 78-தான் இருந்தது, திருத்தியதும் 08 வந்துவிட்டது. நன்றி. சரியான புரோகிராமையே 8001-இலிருந்து ஓட்டினால்?

ஹெக்ஸ்கிறுக்கன்:
05 அப்போது கட்டளை ஆகிவிடும்: 'டிசிஆர் பி', பி-யில் ஒன்று குறையும். அடுத்த 78-இலிருந்து எல்லாம் பழையபடி. விடை, பி-யில் ஏற்கெனவே இருந்ததில் 1 குறைத்து 3 கூட்டியது.

நிற்க வேண்டாமா என்றீர்களே, 8085-க்கு அந்த வழக்கமே இல்லை. ஒரு பைட்டில் அமையும் 256 கட்டளைக் குறிகளில் 246-க்குத்தான் இன்டெல் கையேட்டில் பொருள் உண்டு. மீதி 10-இல் ஒன்று வந்தாலும் சில்லு எதையோ செய்துவிட்டு மேலே போகும். இன்றைய எக்ஸ்86 சில்லுகள் செல்லாத குறியைக் கண்டால் 6-ஆம் எண் எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பு) எழுப்பும். ஆனால் 8085-இல் அப்படி ஒரு சோதனை இருந்தாலும் உங்கள் தப்பு சிக்காது, அதில் 06 78 செல்லுபடியாகும் கட்டளைதானே.

டி_நிலை:
அடுத்து சறுக்கப்போகும் இடம் 32 50 80, அதாவது ஏ-யில் உள்ளதை 8050-இல் வை. முகவரியின் கீழ்ப் பாதி முதலில். 32 80 50 என்று அடித்தால் விடை 5080-க்குப் போகும். அங்கே ரேம் இல்லாத கிட் என்றால், அதற்கும் சத்தமே வராது.