மரநாய் எந்த மாதம் எதைத் தின்கிறது? உங்கள் பக்கம் பார்த்ததைச் சொல்லுங்கள்

சாயல்குடி:
எங்களுக்குப் பனங்காடு. பங்குனியில் பதநீர் நன்றாக ஊறத் தொடங்கினால் மரநாயும் வந்துவிடும். காலையில் சித்தப்பா ஏறிப் பார்த்தால் கலயத்தில் பாதிதான் இருக்கும், அதிலும் கறுப்பு முடி மிதக்கும். உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அடிமரத்தில் உடைமுள் கட்டிப் பார்த்தோம். பக்கத்து மரத்தில் ஏறி, மட்டைக்கு மட்டை தாவி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அதை மரநாயிடம் யார் போய்ச் சொல்வது?

அப்புறம் ஆடி, ஆவணியில் பனம்பழம். விழுந்து கிடக்கும் பழத்தைக் கடித்து, நாரைச் சப்பிவிட்டு, கொட்டையை அப்படியே போட்டுவிடும். ஊனுண்ணி வரிசை விலங்காம், பாதி வருசம் சைவம்!

பெரியபட்டினம்:
எங்கள் மாடிச் சுவரில் ஒரே இடத்தில்தான் எச்சம் போடும். பெருக்கித் தள்ளுகிற வேலை என்னுடையது என்பதால் நன்றாகத் தெரியும். கோடையில் அத்தனையும் ஈச்சங்கொட்டை. மார்கழி, தையில் இலந்தைக்கொட்டை. ஒன்றுகூட உடைந்திருக்காது, கழுவி வைத்ததுபோல முழுசாக இருக்கும். மாடிக்குக் கீழே முளைத்த ஈச்சங்கன்றுகளை நாங்கள் யாரும் நடவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் எச்சமே வேறு மாதிரி. கறுத்து, நாற்றமெடுத்து, உள்ளே வண்டின் ஓடும் எலிமுடியும். பழம் இல்லாத நாளில் அதுவும் என்ன செய்யும்?

தேவிபட்டினம்:
அண்ணே, மழைக்காலத்தில் வருவது மரநாய்தானா என்று ஒருமுறை வாலைப் பாருங்கள். வால் முழுக்கக் கறுப்பென்றால் மரநாய். வளையம் வளையமாக இருந்து, உடம்பில் புள்ளியும் கோடும் இருந்தால் புனுகுப்பூனை. அது பெரும்பாலும் தரையில் திரிகிற சாதி. எங்கள் வயலில் கார்த்திகையில் நண்டு, நத்தை, தவளை. தை அறுப்பு முடிந்தால் வரப்பில் எலி. டார்ச் அடித்தால் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, மறுபடி வளையை முகரப் போய்விடும். எலி பிடிப்பதால் அப்பா அதை விரட்டவே விடமாட்டார்.

கோழி காணாமல் போனால் மட்டும் ஊர் முழுக்கப் பழி மரநாய்மேல். நாயும் கீரியும் தப்பித்துவிடும். கூண்டு வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய், புனுகுப்பூனை இரண்டுமே வருகின்றன. கோழிக்கூட்டுக் கதவுக்கு ஒரு நல்ல கொக்கி போட்டால் சரி.