60-க்கு மேல் மின் சைக்கிள்: உடம்புக்கு வேலையா, மோட்டாருக்கு வேலையா?

வட்டப்பாதை
இந்த விவாதத் திரியின் கேள்வி இதுதான்: 60 தாண்டியவர் மின் சைக்கிளுக்கு மாறினால் உடம்புக்கு வேலை மிஞ்சுமா? பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் வகையைப் பற்றித்தான் பேச்சு. கைப்பிடியை முறுக்கினாலே ஓடும் வண்டி வேறு கணக்கு. ஐரோப்பிய விதியில் மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். "எங்க மாமா ஒண்ணு வாங்கினார்" ரகக் கதைகள் வேண்டாம், எண்ணோடு வாங்க.

நடைராசா
எண்ணோடே வருகிறேன். சாதா சைக்கிள் 13 முதல் 16 கிலோ. மின் சைக்கிள் 22 முதல் 27 கிலோ. பத்துக் கிலோ கூடுதல் பாரத்தைக் கட்டிக்கொண்டு, அதை இழுக்க ஒரு மோட்டாரையும் கட்டிக்கொண்டு, அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைக்கிறீர்கள். சுலபமாக இருக்கிறது என்றுதானே எல்லோரும் வாங்குகிறார்கள்? சுலபம் என்றால் உழைப்பு குறைந்தது என்றுதான் பொருள். வேகநடை போதும். சார்ஜர் தேவையில்லை, விழுந்தாலும் வண்டி மேலே விழாது.

ஸ்பேனர்18
ராசா சார், சமதளத்தில் உங்க பேச்சு பாதி சரி. மேட்டுக்கு வாங்க.

75 கிலோ ஆள், 15 கிலோ சாதா சைக்கிள், 5 சதவீத ஏற்றம். அந்த வயதில் மூச்சு வாங்காமல் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 75 வாட் என்று வைத்துக்கொள்வோம். அந்த 75 வாட்டில் ஏற்றத்தில் கிடைக்கும் வேகம் மணிக்கு 5 கி.மீ. சொச்சம். அந்த வேகத்தில் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் ஆடும், சைக்கிள் நேராக நிற்காது. ஒன்று 150 வாட்டுக்கு முக்கி மிதிக்கணும், இல்லாட்டி இறங்கித் தள்ளணும். முக்கி மிதிப்பதில்தான் முழங்கால் போகிறது, இரத்த அழுத்தமும் ஏறுகிறது.

இப்போ அதே ஆள், 25 கிலோ மின் சைக்கிள், அதே ஏற்றம், மணிக்கு 12 கி.மீ. மொத்தம் 200 வாட் வேணும். ஆள் தருவது அதே 75, மோட்டார் தருவது 125. ஆளுடைய உழைப்பு ஒரு வாட்கூடக் குறையலை. குறைந்தது சிரமத்தின் உச்சி மட்டும்.

நடைராசா
அழகான கணக்கு. ஆனால் அந்த ஆள் 75 வாட் தருவார் என்று யார் சொன்னது? பொத்தானை மேலே தட்டி, உச்ச உதவியில் வைத்து, 30 வாட் தந்துவிட்டு மீதியை மோட்டாரிடம் விடுவார். மனித சுபாவம் அதுதான்.

எலும்புக்கணக்கு
இரண்டு பேருமே ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65-க்கு மேற்பட்டோருக்கு மூன்று வேலை சொல்கிறது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வாரம் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி. வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. மின் சைக்கிள் முதலாவதைத் தரும். ஓய்வில் உட்கார்ந்திருப்பதைப்போல் 3 முதல் 6 மடங்கு சக்தி செலவானால் அது மிதமான உழைப்பு. பெடல் உதவியோடு ஓட்டுவது பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வந்துவிடும்.

எலும்புக்கு அது ஒன்றும் செய்யாது. மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிளில் உடல் பாரத்தைச் சுமப்பது சீட், கால் எலும்பு இல்லை. எலும்பு அடர்த்திக்கு நடை, படியேற்றம், எடைப் பயிற்சிதான். ஆகவே "மாறுவது" என்ற சொல்லே தப்பு. நடையை விட்டுவிட்டு மின் சைக்கிளுக்கு மாறினால் நஷ்டம், நடையோடு சேர்த்தால் லாபம்.

வட்டப்பாதை
எதிலிருந்து மாறுகிறார் என்பதுதான் முக்கியம் என்று படுகிறது. ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. மின் சைக்கிள்காரர்களின் வாராந்தர உடலுழைப்பு சாதா சைக்கிள்காரர்களுடையதற்கு ஏறக்குறைய சமம். காரணம், அவர்கள் அதிக தூரம் போகிறார்கள்.

நடைராசா
அதே ஆய்வில் சாதா சைக்கிளிலிருந்து மாறியவர்களுக்கு உழைப்பு குறைந்தது, காரிலிருந்தோ பொதுப் போக்குவரத்திலிருந்தோ மாறியவர்களுக்குத்தான் கூடியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்க. இன்னொன்று, அது கேள்வித்தாளில் அவரவர் எழுதிக்கொடுத்த கணக்கு. எவ்வளவு தூரம் ஓட்டினோம் என்பதை யாரும் குறைத்து எழுதுவதில்லை.

ஸ்பேனர்18
ஒத்துக்கிறேன். மேட்டுக்குப் பயந்து சைக்கிளை மூலையில் சாத்தியவருக்குத்தான் இது. இன்னும் ஜாலியா மிதிக்கிறவர் எதுக்கு மாறணும்?

ஆனா உங்க "30 வாட்" ஆசாமியைப் பற்றி ஒண்ணு. அவரை உருவாக்குவது சுபாவம் மட்டுமில்லை, சென்சாரும்தான். விலை குறைந்த வண்டிகளில் இருப்பது காடன்ஸ் சென்சார். கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கம்பி) பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு, அதில் 8 அல்லது 12 காந்தம். பெடல் சுற்றுதா இல்லையா என்று மட்டும் அதுக்குத் தெரியும், எவ்வளவு அழுத்தறோம் என்று தெரியாது. சும்மா காலைச் சுத்தினாலே மோட்டார் முழுசா இழுக்கும். உழைப்பு உண்மையிலேயே காணாமப் போயிடும்.

டார்க் சென்சார் பெடல்மேல் விழும் அழுத்தத்தை அளக்கும். நீங்க கொடுக்கிறதுக்குத் தக்கபடி பெருக்கித் தரும். கீழ்நிலையில் உங்க சக்தியில் பாதி கூடுதலா வரும், உச்சத்தில் மூணு மடங்குக்கு மேலும் வரும். மிதிக்கலைன்னா பெருக்க ஒண்ணுமில்லை.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பின்சக்கரம் தரையில் படாத மாதிரி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்க. உதவியை நடுநிலையில் வைத்து பெடலைக் கையால் மெதுவா சுத்துங்க. அரைச் சுற்றுக்குள் சக்கரம் விர்ருன்னு பாய்ந்தால் காடன்ஸ். கை போகும் வேகத்துக்கே லேசாகத் தொடர்ந்தால் டார்க்.

இதில் ஒரு வழக்கமான தவறும் இருக்கு. டார்க் சென்சார் வண்டி பலதும் சுவிட்ச் போடும் அந்த ஓரிரு விநாடியில் அழுத்தத்தின் பூஜ்யத்தைக் குறித்துக்கொள்ளும். அப்போ பெடல்மேல் கால் இருந்தா கணக்கு தப்பும். உதவி சோகையா வரும், இல்லாட்டி திரையில் பிழை காட்டும். மோட்டார் போச்சுன்னு சர்வீசுக்குக் கொண்டுபோவாங்க. காலைத் தரையில் வைத்து அணைத்துப் போட்டாலே சரியாயிடும்.

எலும்புக்கணக்கு
காடன்ஸ் சென்சாரில் எனக்குக் கவலை உழைப்பு இல்லை, விழுவது. சிக்னலில் நிற்கும்போது பெடலை வாகாக வைக்கக் காலால் முன்னே தள்ளுவார்கள். மோட்டார் அதை "கிளம்பு" என்று எடுத்துக்கொண்டால் வண்டி ஒரு எகிறு எகிறும். நிறுத்தும்போதும் அப்படித்தான், பெடலை விட்ட பிறகும் ஒரு கணம் இழுக்கும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை அறுக்கும் சுவிட்ச் லிவரில் இல்லாத வண்டியை வயதானவருக்குக் கொடுக்கக்கூடாது. இந்த வயதில் நிறைய பேர் விழுவது வேகமாகப் போகும்போது இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

நடைராசா
பார்த்தீர்களா, என் பக்கம் வருகிறீர்கள். 25 கிலோ வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் 70 வயதுக் கை அதைத் தாங்குமா?

எலும்புக்கணக்கு
சாய்ந்துவிட்ட பிறகு தாங்க முயலவே கூடாது, விட்டுவிட வேண்டும். பிடிக்கப் போனால் மணிக்கட்டு முறியலாம். சாயாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. முதலில் வண்டியின் சட்டம் (ஃப்ரேம்). காலைப் பின்னால் வீசி ஏறும் குறுக்குக் கம்பி வண்டி வேண்டாம். நடுவே காலை நுழைத்து ஏறும் தாழ்ந்த சட்டம் வேண்டும்.

அடுத்து ஏறும் முறை. மோட்டாரை அணைத்துவிட்டு, வெறிச்சோடிய சமதளத்தில் பழகவும். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை நடுவே நுழைத்து, இரண்டு பாதமும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு பெடலைக் கடிகாரத்தில் மணி இரண்டு காட்டும் முள்ளின் நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக்கை விட்டு, அதை அழுத்தி எழுந்த பிறகே சீட்டில் உட்கார வேண்டும். இறங்கும்போது இதுவே தலைகீழாக. நின்ற பிறகு ஒரு பக்கமாகக் குதிப்பதுதான் விழவைக்கும். இருபது தடவை இப்படிச் செய்து, கால் தானாகப் போகும் நிலை வந்த பிறகு மோட்டாரைப் போடலாம், அதுவும் முதல் நிலையில்.

வட்டப்பாதை
சீட் உயரம்? எல்லோரும் இரண்டு காலும் தரையில் படணும் என்று சீட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள்.

ஸ்பேனர்18
முழங்கால் வலிக்கு முதல் காரணமே அதுதான். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராகணும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிச்சா முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கி நிற்கும். அதுதான் உயரம். முட்டிக்கு முன்னாடி வலிச்சா சீட் தாழ்வு, பின்னாடி வலிச்சா உயரம். அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டரா மாத்தணும், ஒரேயடியா இல்லை.

தரையும் எட்டணும், உயரமும் வேணும்னா இரண்டு வழி. சீட்டுக்கு முன்னால் கிராங்க் தள்ளி வைத்த சட்டம். இல்லாட்டி லிவர் அழுத்தினா இறங்கும் சீட் கம்பம், நிற்குமுன் இறக்கிக்கலாம்.

எலும்புக்கணக்கு
ஒன்று சேர்க்கிறேன். முட்டி மடங்காதவர்களுக்கு, குறிப்பாக மூட்டு மாற்றியவர்களுக்கு, சீட்டைவிடக் கிராங்க் நீளம்தான் பிரச்சினை. வழக்கமான 170 மி.மீ. கிராங்கை முழுச் சுற்று சுற்ற முட்டி ஏறக்குறைய 110 டிகிரி மடங்க வேண்டும். கிராங்கை 150 அல்லது 155 மி.மீ.க்கு மாற்றினால் மேலே வரும்போது மடங்கும் கோணம் குறையும். கிராங்கைக் குறைத்த அளவு சீட்டை ஏற்ற மறக்க வேண்டாம். கனமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட லேசான கியரில் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று மூட்டுக்கு நல்லது.

நடைராசா
சரி, உழைப்பை எப்படி அளப்பது? "மோட்டாரோடு போனேன், நன்றாக இருந்தது" என்பது அளவில்லை. கையில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பா?

எலும்புக்கணக்கு
இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, மாத்திரை பிடித்து வைத்துவிடும். அந்த எண்ணை நம்பி முக்கினால் ஆபத்து. பேச்சுச் சோதனை போதும். முழு வாக்கியம் பேச முடியணும், பாட முடியக்கூடாது. பாட்டு வந்தால் உதவியை ஒரு நிலை குறைக்கவும். வார்த்தை வார்த்தையாகத் திக்கினால் கூட்டவும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று: தலையில் சின்ன அடி பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனை. ஹெல்மெட் பற்றிப் பேசவே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்பேனர்18
இன்னொரு சுலபமான கட்டுப்பாடு: சமதளத்தில் முதல் நிலை, மேட்டில் மட்டும் இரண்டாவது, எதிர்க்காற்றில் இரண்டாவது. மூணாவதுக்கு மேல் அவசரத்துக்குத்தான். வீடு வந்ததும் பேட்டரியைப் பாருங்க. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 504 வாட்-மணி. அதில் செலவானதைப் போன தூரத்தால் வகுங்க. கி.மீ.க்கு 6, 7 வாட்-மணி செலவானா நீங்க மிதிச்சிருக்கீங்க. 15 தாண்டினா மோட்டார்தான் மிதிச்சிருக்கு. ராசா சார் கேட்ட அளவுகோல், பொய் சொல்லாது.

நடைராசா
இது ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பின்சக்கரத்தில் மோட்டார், பாதி வழியில் பஞ்சர். வேகநடைக்காரனுக்கு இந்தத் தொல்லை உண்டா?

ஸ்பேனர்18
தொல்லைதான், மறைக்கலை. ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) வைத்த சக்கரத்தைக் கழற்ற முதலில் கேபிள் இணைப்பைப் பிரிக்கணும். அப்புறம் பெரும்பாலும் 18 மி.மீ. நட்டு. மாட்டும்போது பல் வைத்த வாஷரின் பல் சட்டத்தின் பிளவுக்குள் உட்காரணும், நட்டு சுமார் 40 நியூட்டன்-மீட்டர் முறுக்கில் இறுகணும். பல் வெளியே நின்றால் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) சுழன்று கேபிளை முறுக்கி அறுத்துடும். மூட்டுவாதக் கைக்கு இது வேலை இல்லை. அதனால கழற்றவே வேண்டாம். டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை அந்த இடத்தில் வெளியே இழுத்து ஒட்டலாம். அதுக்கு முன்னாடியே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த 47 அல்லது 50 மி.மீ. டயரும், டியூபுக்குள் அடைப்புத் திரவமும் போட்டுட்டா பாதித் தொல்லை குறையும். கிராங்க் மோட்டார் வண்டியில் பின்சக்கரம் சாதா சைக்கிள் மாதிரி கழன்று வரும். ஆனா மோட்டார் சக்தி முழுக்க செயின் வழியாப் போவதால் செயின் சீக்கிரம் தேயும். கியர் மாத்தும்போது ஒரு கணம் அழுத்தத்தைத் தளர்த்தணும், இல்லாட்டி பல் தாவும்.

வட்டப்பாதை
பேட்டரி தீப்பிடிப்பது பற்றி யாரும் பேசவில்லையே.

ஸ்பேனர்18
வேற சார்ஜர் போடக்கூடாது, அவ்வளவுதான் பெரிய விதி. 36 வோல்ட் பேட்டரி முழுசா ஏறும்போது 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரி 54.6. சொருகும் முனை ஒரே மாதிரி இருக்குன்னு இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் சொருகினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, பழைய செல்லை மாத்திக் கட்டிய பேட்டரி, இரண்டும் வேண்டாம். வாசலை மறைத்து, படுக்கையறையில், தூங்கும்போது சார்ஜ் கூடாது. மாதக்கணக்கில் ஓட்டலைன்னா பாதியளவு சார்ஜில் வைங்க. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது, உள்ளே கொண்டுவந்து சூடு பிடிச்ச பிறகுதான்.

நடைராசா
என் நிபந்தனை ஒன்றே ஒன்று. வாங்குமுன் பேட்டரியோடு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு படி ஏற்றிப் பாருங்கள். முடியவில்லையென்றால் வீட்டில் வாசற்படி இருக்கிறவர் வாங்கக்கூடாது.

ஸ்பேனர்18
பேட்டரியைக் கழற்றினா 3 கிலோ குறையும் சார். மணிக்கு 6 கி.மீ. வரை தானே உருளும் தள்ளு-உதவிப் பொத்தானும் பல வண்டியில் இருக்கு, படிக்கு ஒரு சாய்பலகை போட்டா ஏறிடும்.

நடைராசா
வாசலுக்குச் சாய்பலகை போடலாம். போகிற இடத்து வாசலுக்கு?