மனிதநேயச் சேவை விருதுக்கு ஏற்காடு மலைச் செவிலியர் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும்: விண்ணப்பம் எப்படித் தயாரிப்பது?

அஸ்தம்பட்டி வாசி:

வணக்கம். ஏற்காட்டில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், இன்றும் நாகலூர், வாழவந்தி பக்கத்துக் குக்கிராமங்களில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருகிறார். யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை. ஒரு பல்கலைக்கழகம் மனிதநேயப் பணிக்கும் பொதுச் சேவைக்கும் ஆண்டுதோறும் தரும் விருதுக்கு அவரைப் பரிந்துரைப்பது என்று எங்கள் பழைய மாணவர் சங்கம் முடிவு செய்திருக்கிறது.

படிவத்தில் கேட்டிருப்பது: 500 சொற்களுக்குள் பரிந்துரைக் கட்டுரை, தன்விவரக் குறிப்பு, மூன்று ஆதரவுக் கடிதங்கள், சான்றுகள் எல்லாம் சேர்த்து 5 எம்பிக்குள் ஒரே பிடிஎஃப். எங்கள் கையில் இருப்பது அவர் எழுதி வைத்த நோட்டுகள், தேதி தெரியாத ஒரு பத்திரிகைச் செய்தி, பொன்னாடை போர்த்திய படங்கள் ஏராளம்.

கட்டுரையை எப்படித் தொடங்குவது? சான்றுகளை எந்த அலுவலகத்தில் கேட்பது? இன்னொன்று: அவருடைய சேவைக்காக "கௌரவ டாக்டர் பட்டம்" தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு அமைப்பு கேட்கிறது. அதையும் வாங்கிச் சேர்த்தால் விண்ணப்பத்துக்கு வலு கூடுமா?

கருப்பூர் வாத்தியார்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுவார்கள், நான் கட்டுரைக்கு வருகிறேன்.

தேர்வுக் குழு கட்டுரையில் முதலில் தேடுவது, இந்த வேலையில் எது சம்பளத்துக்குச் செய்தது, எது அதற்கு மேல் செய்தது என்பதை. கிராம சுகாதார செவிலியர் என்றால் கர்ப்பிணியைப் பதிவதும் தடுப்பூசி போடுவதும் வேலையே. அதையே சேவை என்று எழுதினால் குழு அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே ஓய்வு பெற்ற ஆண்டை முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிடுங்கள். பணிக்காலம் இரண்டு வாக்கியம் போதும். மீதி முழுவதும் ஓய்வுக்குப் பிறகு செய்தது.

அடுத்து, என்ன மாறியது என்பதைக் காட்டுங்கள். "எத்தனை முகாம், எத்தனை பேருக்கு உதவி" என்று அடுக்குவது உழைப்பின் கணக்கு. விளைவு வேறு. பக்கத்து மாவட்டத்துச் சிட்லிங்கி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1993 வாக்கில் ஒரு மருத்துவத் தம்பதி தொடங்கிய பழங்குடியினர் மருத்துவப் பணியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் முதலில் குறிப்பிடுவது, ஆயிரம் பிறப்புக்கு 150 அளவில் இருந்த சிசு மரணம் 20 அளவுக்கு இறங்கியதைத்தான். எந்த அடைமொழியும் இல்லாமலே அந்த இரண்டு எண்கள் நிற்கின்றன. உங்களுக்கு மூன்று குக்கிராமம்தான் என்றாலும் பரவாயில்லை, "முன்பு இப்படி, இப்போது இப்படி" என்ற ஒரு ஜோடி எண்ணாவது வேண்டும்.

அதே சமயம் எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் ஏற்றாதீர்கள். தமிழ்நாடு முழுக்கவே வீட்டுப் பிரசவம் குறைந்திருக்கிறது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று அதற்குப் பல காரணங்கள். "இவரால் வீட்டுப் பிரசவம் ஒழிந்தது" என்று எழுதினால், பொது சுகாதாரம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாலே போதும், மொத்தக் கட்டுரையின் மேலும் நம்பிக்கை போய்விடும். ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதையில், தார் ரோடு வரைக்கும் கர்ப்பிணியைக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று எழுதுங்கள். அரசுத் திட்டத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தை அடைத்ததுதான் அவர் பணி. அதுவே விருதுக்குத் தகுதியானது.

பிறப்பு, படிப்பு, கிடைத்த பொன்னாடை எல்லாம் தன்விவரக் குறிப்புக்குப் போகட்டும். ஊரின் நிலைமைக்கு 70, 80 சொல், பணிக்கு 250, மாற்றத்துக்கு 120, மிச்சம் இருப்பதில் அவருக்குப் பிறகு அந்த வேலையை யார் தொடர்கிறார்கள் என்பது. அவரிடம் பழகிய இளம்பெண் ஒருத்தி அந்த ஊரிலேயே இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். மாற்றம் நீடிக்குமா என்று எல்லாக் குழுவும் பார்க்கும்.

ஆதரவுக் கடிதம் மூன்றையும் ஒருவரே எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒரே சொற்றொடர் இரண்டு கடிதத்தில் வந்தால் மூன்றுமே செல்லாக்காசு. மருத்துவ அலுவலர் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், பயன்பெற்ற தாய் ஒருவர் என்று பிரியுங்கள். ஒவ்வொருவரும் தாம் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்வை மட்டும் எழுதட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

மலைக் கணக்கு:

சான்றுகள் பற்றிச் சொல்கிறேன்.

நோட்டுகள்தான் உங்கள் முதன்மைச் சான்று, அவற்றைத் திருத்தி எழுதவே கூடாது. பிழை, அடித்தல், எண்ணெய்க் கறை எதுவும் பாதகமில்லை. "நன்றாகத் தெரியட்டும்" என்று புது நோட்டில் படியெடுத்துக் கொடுத்தால் அது சான்று என்ற மதிப்பை இழந்துவிடும். மாதிரிக்கு நான்கைந்து பக்கங்களை ஸ்கேன் செய்யுங்கள், பெண்களின் பெயரையும் கணவர் பெயரையும் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு. மொத்த நோட்டிலிருந்து ஆண்டுவாரியாக ஒரு சிறிய அட்டவணை போடுங்கள்: பார்த்த கர்ப்பிணிகள், மருத்துவமனையில் பிரசவம், வீட்டில் பிரசவம், இறப்பு இருந்தால் அதுவும். இறப்பை விட்டுவிடாதீர்கள். இழப்பே இல்லாத மலைக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த அட்டவணையை ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும், கர்ப்பிணிகளைப் பதிவதற்கான அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவாகி 12 இலக்க ஆர்.சி.எச். எண் பெறும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். ஆகவே அந்தந்தக் குக்கிராமத்துக்கு ஆண்டுக்கு எத்தனை பதிவு என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். தனிப்பட்ட பெயர்களைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள், தரவும் கூடாது. மொத்த எண்ணிக்கை மட்டும் கேட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு மனுக் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். விருதின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து அனுப்புங்கள்.

அவருடைய பணிக்காலச் சான்றை நீங்கள் கேட்டு மனுப் போட்டால் "மூன்றாம் நபரின் சொந்த விவரம்" என்று திருப்பிவிடுவார்கள். அந்த மனுவில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவு தூரம் போகாமலே, அவர் கையில் உள்ள ஓய்வூதியப் புத்தகத்தில் பணியில் சேர்ந்த தேதியும் ஓய்வு பெற்ற தேதியும் இருக்கும். அதன் நகல் போதும், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள்.

ஊர்க்கவுண்டரோ தாய்மாரோ எழுதத் தெரியாதவராக இருந்தால் கைநாட்டுக் கடிதம் தாராளமாகச் செல்லும், முறையாக எடுத்திருந்தால். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள், மேடைத் தமிழாக மாற்றாதீர்கள். கடைசியில் "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டு இடது பெருவிரல் ரேகை வைத்தார்" என்று எழுதி, எழுதியவர் பெயரும் கையெழுத்தும், உங்கள் சங்கத்தைச் சேராத இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும், தேதியும் ஊரும் போடுங்கள். மை அதிகமானால் ரேகை வெறும் கறுப்புப் பொட்டாக விழும். விரலைத் துடைத்து லேசாக உருட்டி வையுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனித்தாளில் வைத்து, மொழிபெயர்த்தவர் "மூலத்துக்கு உண்மையானது" என்று கையெழுத்திட வேண்டும். மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். விடியும்போதே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். கையெழுத்து வாங்கச் சாயங்காலம் போங்கள்.

சட்டம் தெரிஞ்சவர்:

கௌரவ டாக்டர் விஷயம். இதைத் தெளிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் 1956, பிரிவு 22இன்படி பட்டம் தரும் உரிமை மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்துக்கும், பிரிவு 3இல் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கும் மட்டுமே. டிரஸ்ட், கவுன்சில், "சர்வதேச மனித உரிமை" என்று பெயர் வைத்த சங்கம் எதுவும் தர முடியாது. அவர்கள் தரும் தாளுக்குப் பட்டம் என்ற மதிப்பே இல்லை. பிரிவு 24இல் தண்டனை அபராதம் 1,000 ரூபாய் வரைதான், இந்த வியாபாரம் இவ்வளவு துணிச்சலாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

மேடையைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 2023இல் சென்னையில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே விழா நடத்திப் பிரபலங்களுக்குக் "கௌரவ டாக்டர்" வழங்கியது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்து போலீஸ் புகார் வரை போனது. அரங்கத்தை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். நம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு பட்டம் என்றால் அது ஆட்சிக்குழு வழியாகப் போய் வேந்தர் ஒப்புதலோடு பட்டமளிப்பு விழாவில் வரும். வாட்ஸ்அப்பில் வராது, கட்டணமும் கேட்காது.

உங்கள் விண்ணப்பத்தில் அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்றால், பட்டம் கொடுத்த அமைப்பின் பெயரைத் தேர்வுக் குழு பல்கலைக்கழக மானியக்குழுவின் (யுஜிசி) பட்டியலில் தேடும், இருக்காது. அந்த அம்மா பொய்த் தகவல் கொடுத்ததாக ஆகிவிடும். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசி:

நன்றிங்க. பணம் எதுவும் கட்டவில்லை, அந்த எண்ணைத் தடை செய்துவிட்டோம். கட்டுரையின் முதல் பத்தி இப்படி எழுதியிருக்கிறோம், பாருங்கள்:

"ஏழைகளின் இதயத்தில் குடியிருக்கும் கருணைக் கடல், மலைவாழ் மக்களின் வாழ்வில் ஒளியேற்றிய தியாகச் சுடர், தன்னலமற்ற சேவையின் மறுஉருவமான இவர், கடந்த பல ஆண்டுகளாக எண்ணற்ற கர்ப்பிணிகளைக் காப்பாற்றியுள்ளார்."

கருப்பூர் வாத்தியார்:

அன்பில் எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் பெயரை மாற்றிவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் இதை அனுப்பலாம். "பல ஆண்டுகள்", "எண்ணற்ற" இரண்டையும் முதலில் எடுங்கள். நோட்டைப் பார்த்து நிரப்ப இடம் விட்டு மாற்றித் தருகிறேன்:

"____ ஆம் ஆண்டு ஏற்காடு வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இவர், அன்றிலிருந்து ஊதியம் எதுவும் இன்றி ____ குக்கிராமங்களில் ஒவ்வொரு கர்ப்பிணியையும் மாதம் ஒரு முறை நேரில் பார்க்கிறார். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே உள்ளவர்களைத் தனிப் பக்கத்தில் குறித்து, இரும்புச்சத்து மாத்திரை உண்மையிலேயே சாப்பிடப்படுகிறதா என்று மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறார். ஒன்பதாம் மாதத்தில், வாகனம் வராத ஊர்ப் பெண்களைச் சாலையோரம் உள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ முன்கூட்டியே மாற்றிவிடுகிறார். ____ முதல் ____ வரை இவர் பதிவேட்டில் உள்ள ____ பிரசவங்களில் ____ மருத்துவமனையில் நடந்தவை."

மாத்திரை எண்ணுவது, முன்கூட்டியே இடம் மாற்றுவது எல்லாம் இப்படிப் பணி செய்பவர்கள் வழக்கமாகச் செய்வது என்பதால் எழுதியிருக்கிறேன். அவர் செய்யாததாக இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் செய்வதைக் கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பரிந்துரைக்கப்படுபவரின் கையெழுத்து பல படிவங்களில் கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

இரண்டு சேர்க்கை. இவ்வளவு சிரமப்பட்டுத் திரட்டுவதை ஒரே விருதோடு விடாதீர்கள். மகளிர் தினத்தையொட்டி தமிழக அரசு தரும் அவ்வையார் விருதுக்கு இதே கோப்பு பொருந்தும். அரசின் விருதுகள் இணையதளத்தில் பதிந்து, கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் கோப்பு கொடுக்க வேண்டும். அதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேவை விவரமும், குற்ற வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்றும் கேட்பார்கள், சான்றுக்கு நாள் பிடிக்கும், முன்னாடியே போட்டு வையுங்கள். பத்ம விருதுக்கும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், அங்கே கட்டுரை 800 சொல் வரை போகலாம்.

படங்கள்: பொன்னாடைப் படம் ஒன்றுகூட வேண்டாம். அவர் வேலை செய்யும் படம் இரண்டு போதும், தேதியும் ஊர் பெயரும் கீழே எழுதி. குழந்தையின் முகம் தெரிந்தால் தாயின் எழுத்து ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் முதுகுப்பக்கம் இருந்து எடுங்கள். பத்திரிகைச் செய்தியின் தேதி தெரியவில்லை என்றால் வெட்டியெடுத்த தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள், விளம்பரத்திலோ வேறு செய்தியிலோ நாள் இருக்கும். அதை வைத்து அந்த நாளிதழின் சேலம் அலுவலகத்தில் கேட்டால் பழைய இதழ் தேடித் தருவார்கள்.

5 எம்பிக்குள் அடங்க எல்லாவற்றையும் 150 டிபிஐயில், நோட்டுப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாக அல்லாமல் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து கறுப்பு வெள்ளையில் காணாமல் போய்விடும். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள், தமிழ்ப் பெயர் வைத்த கோப்பைச் சில தளங்கள் ஏற்பதில்லை. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிட்டு, ஒப்புகை எண்ணை அந்த அம்மாவுக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.